தீபாவளிக்குப் பிறகு தூக்கத்தில் அலறி எழும் நாட்டு நாய்: எழுப்பலாமா, மாத்திரை வேண்டுமா?

செவலை வீடு, மதுரை:

நாட்டு நாய், பெட்டை, 3 வயது, 16 கிலோ, கருத்தடை செய்தது. பெயர் செவலை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி தெருவில் சரவெடியைக் கொளுத்தி அது மேலேயே எறிந்திருக்கிறார்கள். மிரண்டு சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஓடைப் பாலத்துக்கு அடியில் சிமெண்ட் குழாய்க்குள் கிடைத்தது. இடது பின்தொடையில் தீப்புண், காதோரம் ஒரு கீறல். புண் ஆறிவிட்டது. இப்போது மூன்றாவது வாரம்.

பகலைச் சமாளித்துவிடலாம், ராத்திரிதான் பாடு. படுத்து அரை மணி நேரத்துக்குள் கால் உதறும், வாய்க்குள்ளேயே குலைக்கும், அப்புறம் ஓலமிட்டு எழுந்து சுவரோரம் ஒண்டிக்கொள்ளும். ஒரு ராத்திரியில் 3, 4 தடவை. நேற்று தம்பி போய் அணைத்து எழுப்பினான், முழங்கையில் பல் பட்டு லேசாக ரத்தம். பகலில் குக்கர் விசில், புல்லட் வண்டி என்றால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

கேட்க வேண்டியது: இது கெட்ட கனவா, வலிப்பா? எழுப்பணுமா, விட்டுடணுமா? மாத்திரை தேவையா? வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினால் காற்றோட்டமாகத் தூங்கும் என்கிறார் தாத்தா, அது சரிவருமா?

---

கால்நடை மருத்துவர், நெல்லை:

கனவு பற்றிப் பேசுவதற்கு முன்னால் தம்பியைப் பார்த்துவிடுவோம். பல் பட்டு ரத்தம் வந்திருக்கிறது. வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்பதெல்லாம் இருக்கட்டும். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். கழுவாவிட்டால் இப்போதாவது கழுவி, இன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் நாய் இரண்டு ராத்திரி தெருவில் இருந்திருக்கிறது, காதோரம் கீறல் இருக்கிறது. அது வேறொரு நாயின் பல்லாக இருக்கலாம். ரேபிஸ் உடம்புக்குள் போனபின் நோயாக வெளிப்படச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். நடத்தை மாறிய நாயில் நாங்கள் முதலில் ஒதுக்க வேண்டிய நோய் அதுதான். சந்தேகக் கடி பட்ட நாய்க்கு 0, 3, 7, 14, 28ஆம் நாட்களில் தொடர் ஊசி போடுவது நம் ஊர் வழக்கம். தடுப்பூசி அட்டையோடு டாக்டரிடம் போய் அதை முடிவுசெய்யுங்கள். தண்ணீர் விழுங்கத் திணறல், குரல் கரகரப்பாக மாறுவது, தாடை தொங்குவது, தள்ளாடுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் தொடாமல் தனி அறையில் அடைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். தம்பியைக் கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் நன்றாக இருந்தால், அந்தக் கடியில் ரேபிஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், ஊசியை ஆரம்பித்துவிட்டே நாயைக் கவனியுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கனவில் கால் உதறுவது விட்டுவிட்டு, ஒழுங்கில்லாமல் வரும். கண் மூடியிருக்கும், இமைக்குள் விழி ஓடும், மீசை துடிக்கும், பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பெயர் சொன்னால் விழிக்கும், விழித்ததும் ஆள் அடையாளம் தெரியும். வலிப்பில் உடம்பு விறைக்கும், கண் திறந்தே இருக்கும், வாயில் நுரை, மூத்திரம் போய்விடும், கூப்பிட்டாலும் கேட்காது. முடிந்த பிறகும் பல நிமிடம், சில சமயம் மணிக்கணக்கில், சுவரில் முட்டிக்கொண்டு சுற்றும். 5 நிமிடத்தைத் தாண்டிய வலிப்பும், 24 மணி நேரத்தில் இரண்டாவது தடவை வரும் வலிப்பும் ராத்திரி என்று பார்க்காமல் ஓட வேண்டியவை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, தெருவிலிருந்து வந்த நாய்களில் அடிக்கடி கோட்டைவிடுவது. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து தேறிய நாய்க்கு ஒரே கால் அல்லது நெற்றித் தசை கடிகார முள் மாதிரி ஒரே தாளத்தில் துடித்துக்கொண்டிருக்கும், விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும். அது கனவும் அல்ல, பயமும் அல்ல. இன்னொன்று கொஞ்சம் அபூர்வம். கனவுத் தூக்கத்தில் உடம்பை அசையவிடாமல் பிடித்துவைக்கும் மூளைத்தண்டின் பூட்டு கழன்றுபோய், நாய் தூக்கத்திலேயே எழுந்து ஓடும், சுவரில் மோதும், எதையாவது கடிக்கும். டெட்டனஸ் வந்து பிழைத்த நாய்களில் இது பதிவாகியிருக்கிறது. இதற்கு மருந்து உண்டு, ஆனால் பயத்துக்குக் கொடுக்கும் மருந்து அல்ல. அதனால் பெயர் சரியாக வைப்பது முக்கியம்.

போனைச் சாய்த்து வைத்து மூன்று ராத்திரி வீடியோ எடுங்கள். முகமும் நான்கு காலும் தெரிய வேண்டும், ஜீரோ வாட் பல்பு போதும். கூடவே நோட்டில் நான்கு விஷயம்: படுத்த நேரம், அலறிய நேரம், எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருந்தது, அதற்கு முந்தின நிமிடம் என்ன சத்தம் கேட்டது. அந்த நோட்டு இல்லாமல் வந்தால் எந்த டாக்டரும் ஊகம்தான் செய்வார்.

---

மீட்புக்கூடம், கோவை:

டாக்டர் சொன்னதை முதலில் முடித்துவிட்டு இதைப் படிங்க. ராத்திரி வேலையை மட்டும் நான் சொல்றேன்.

தொடாதீங்க. மேலே குனியவும் வேண்டாம். கெட்ட கனவிலிருந்து எழும் நாய்க்கு முதல் ஓரிரு நொடி எது கனவு, எது கை என்று தெரியாது. தம்பிக்கு நடந்தது கோபக் கடி இல்லை, அதுக்காக நாயைத் திட்டினால் அடுத்த ராத்திரி பயம் இன்னும் கூடும்.

கால் மட்டும் உதறினால், வாய்க்குள் முனகினால், அப்படியே விட்டுடுங்க. தூக்கம் அறுந்து அறுந்து போனால் மறுநாள் நாய் இன்னும் சிடுசிடுப்பாகத்தான் இருக்கும். ஓலம் வந்தால் மட்டும் எழுப்பணும். 6 அடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில், பெயரை இரண்டு தடவை. கத்தக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, பகலில் சோற்றுக்குக் கூப்பிடும் குரல்தான். விழிக்காவிட்டால் தினமும் கேட்டுப் பழகிய ஒரு நல்ல சத்தம், பிஸ்கட் டப்பா மூடி மாதிரி. கண்ணைத் திறந்து தலை தூக்கியதும் நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் தரையில் உட்காருங்க. அதுவாக வந்தால் கழுத்தோரம், மார்பில் தடவுங்க, தலைக்கு மேலே கை கொண்டுபோக வேண்டாம். வராவிட்டால் விட்டுடுங்க. வீட்டில் எல்லாரும் எழுந்து சுற்றி நின்று பார்க்கிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்க, ஒரே ஆள் போதும்.

படுக்கை. சுவர் இரண்டு பக்கம் அணைத்த மூலை, ஆள் தாண்டிப் போகாத இடம். மாடிப்படிக்குக் கீழே வேண்டாம், பலரும் அங்கேதான் வைப்பாங்க. படியில் யார் நடந்தாலும் அது தலைக்கு மேல் இடி. தெருப் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளி உள் அறை நல்லது. பழைய சாக்கை இரண்டாக மடித்து மேலே பருத்திப் புடவை. நைலக்ஸ், டெரிகாட் வேண்டாம், நகம் மாட்டி இழுத்தால் அதுவே அதை அலற வைக்கும். மேலே ஒரு மேசையோ துணி மூடின கூண்டோ இருந்தால் குழாய்க்குள் ஒளிஞ்ச மாதிரி ஒரு கூரை கிடைக்கும், ஆனால் வாய் எப்பவும் திறந்தே இருக்கணும். உள்ளே தள்ளிக் கதவு சாத்தினால் அது பொறிதான். ஃபேன் ஓடட்டும், அந்த இரைச்சல் வெளிச் சத்தத்தை மழுக்கும். ஜீரோ வாட் பல்பு எரியட்டும், விழிச்சதும் எங்கே இருக்கோம்னு தெரியணும்.

தாத்தா சொல்றது இந்த நாய்க்கு ஒத்துவராது. பயந்த நாய்க்கு ஓட வழி இருக்குங்கிறதே பாதி மருந்து. சங்கிலியில் இருந்தால் கனவில் எழுந்து ஓடும்போது கழுத்து சுண்டி இழுக்கும், சங்கிலி தரையில் உரசும் சத்தம் வேற. ஏற்கெனவே சுவர் தாண்டின நாய், சங்கிலியோட சுவர் ஏறினா தொங்கிடும். ராத்திரி மணி, சலங்கை கட்டின பட்டையையும் கழட்டிடுங்க. வெறும் துணிப் பட்டை, அதில் போன் நம்பர் எழுதின தகடு, அது போதும்.

---

விடியல், சேலம்:

இவ்வளவு செல்லம் கொடுத்தா பயம் பழக்கமாயிடும். கண்டுக்காம விடுங்க. பகல்ல போன்ல வெடி வீடியோ போட்டு நல்லா சத்தமா தினமும் கேக்க விடுங்க, ஒரு வாரத்துல காது மரத்துடும். எங்க பக்கம் எல்லாரும் இப்படித்தான் பழக்குறாங்க.

---

நாய்ப் பயிற்சி, திருச்சி:

விடியல் அண்ணே, இரண்டுமே வேண்டாம்.

உட்கார் என்றால் உட்காருவது பழக்கம், பரிசு கொடுத்தால் கூடும். பயம் பழக்கம் அல்ல, உணர்ச்சி. தடவிக் கொடுத்ததால் பயம் வளர்வதில்லை. நாயாக வந்து ஒட்டிக்கொண்டால் ஆறுதல் தாராளமாகக் கொடுக்கலாம். நாம் பதறிப்போய் இறுக்கிப் பிடிப்பதுதான் தவறு.

சத்தமாகப் போட்டுக் காட்டுவது இன்னும் மோசம். ஓட முடியாத இடத்தில் பயப்படும் பொருளைத் திணித்தால் சில நாய் அசையாமல் கல்லாகிவிடும். பழகிவிட்டது என்று நாம் நினைப்போம், ராத்திரி பல மடங்காக வெளியே வரும்.

இதற்கு நூறு வருஷப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1924 செப்டம்பரில் லெனின்கிராட்டில் வெள்ளம் வந்தபோது ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் மாட்டி, நீந்த வைத்துத்தான் மீட்கப்பட்டன. மணிக்கு எச்சில் ஊறும் என்று நாம் படித்த அதே வகைப் பழக்கங்கள் சில நாய்களுக்கு அழிந்தே போயின. பல வாரம் கழித்து அவை திரும்பி வந்தன. அப்புறம் ஒரு நாள் கதவுக்கு அடியில் சின்னதாகத் தண்ணீர் ஒழுக விட்டார்கள், ஒரு நாய் பழையபடி குலைந்துபோனது. வெள்ளம் இல்லை, ஒழுகல்தான். உங்கள் செவலைக்குக் குக்கர் விசில் அந்த ஒழுகல்.

சத்தத்துக்குப் பழக்குவது உண்டு, ஆனால் இப்போது அல்ல. ராத்திரி அலறல் இரண்டு வாரமாவது அடங்கி, முழுச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்த பிறகு. அதுவரை குக்கரை நாய் இருக்கும் அறையிலிருந்து தள்ளி வையுங்கள், முடிந்தால் அது காலையில் வெளியே போயிருக்கும் நேரத்தில் சமையலை முடியுங்கள்.

ஆரம்பிக்கும்போது போன் ஸ்பீக்கர் உதவாது. வெடியில் நாயை உலுக்குவது அடிவயிற்றில் இறங்கும் ‘தம்’ ஓசை, போனில் வருவது வெறும் ‘சட்’. போனில் தேறிய நாய் நிஜ வெடியில் மறுபடி ஓடுவது இதனால்தான். கனமான ஓசை வரும் புளூடூத் ஸ்பீக்கரை இரவல் வாங்குங்கள். உங்கள் காதுக்கே கேட்டும் கேட்காத அளவில் தொடங்கி, ஒரு வெடி, 2 நொடி. சத்தம் முடிந்த உடனே வேகவைத்த கோழி, கொண்டைக்கடலை அளவு. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காதது. வரிசை மாறக்கூடாது: முதலில் சத்தம், பிறகு கறி. கறியை முதலில் காட்டினால் ‘கறி வந்தால் வெடி வரும்’ என்று கற்றுக்கொண்டு கறியைக் கண்டே ஓடும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் பாதிப் பேர் மாற்றித்தான் செய்வார்கள்.

ஒரு அமர்வுக்கு 10 வெடி, மொத்தம் 5 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு தடவை. வெடிக்கும் வெடிக்கும் நடுவே இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டாம். சத்தம் கேட்டதும் நாய் உங்கள் கையைப் பார்த்தால் வேலை நடக்கிறது. தொடர்ந்து மூன்று அமர்வு அப்படிப் பார்த்தால்தான் ஸ்பீக்கர் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டலாம். காதை ஒட்ட மடிப்பது, சும்மா கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, வெயில் இல்லாமலே மூச்சிரைப்பது, வாலை வயிற்றோடு ஒட்டுவது, இதெல்லாம் அளவு மீறிவிட்டது என்ற அடையாளம். கறியை வாங்க மறுத்தால் ரொம்பவே மீறிவிட்டது. அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் இரண்டு புள்ளி குறைத்துத் தொடங்குங்கள். 100 புள்ளியில் 60க்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆவது சாதாரணம்.

அதுவரை பகல் வேலை வேறு. தினமும் ஒரே நேரத்தில் 30 நிமிட நடை, வேகம் வேண்டாம், நாய் முகர்ந்து முகர்ந்து போகட்டும், நீங்கள் பின்னால் போங்கள். கழுத்துப்பட்டையோடு மார்புப் பட்டையும் போட்டு இரண்டிலும் கயிறு, ஏனென்றால் மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்தே ஒற்றைப் பட்டையைக் கழற்றிவிடும். சாப்பாட்டில் கால் பங்கை உலர்ந்ததாக, முட்டைத் துண்டோ நாய்த் தீனியோ, பழைய தேங்காய்நார் மிதியடிமேல் இறைத்து மூக்கால் தேட விடுங்கள். பந்து எறிந்து மூச்சு வாங்க ஓடவிடுவதை ராத்திரி நேரத்தில் நிறுத்துங்கள். களைத்தால் தூங்கும் என்பது பாதிதான் சரி, பயந்த நாய்க்கு அது சூட்டை ஏற்றிவிடும். கடைசிச் சாப்பாடு 7:30, சிறுநீருக்கு வெளியே 10 மணி, அப்புறம் வீடு அடங்கட்டும்.

---

விடியல், சேலம்:

சரி, கறி விஷயம் தெரியாது. சத்தமா போட சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம், நாய்க்கு நிஜமாவே கனவு வருமா? நாம கதை கட்டுறோமா?

---

நாய்ப் பயிற்சி, திருச்சி:

நாய் எழுந்து சொல்லப்போவதில்லை, அதனால் நேரடிச் சாட்சி கிடையாது. பக்கத்துச் சாட்சி பலமாக இருக்கிறது. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடியில் எலிகளை வட்டப் பாதையில் ஓடவிட்டு மூளை அணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். பிறகு கனவுத் தூக்கத்தில் அதே வரிசை திரும்ப ஓடியது, எலி பாதையில் எந்த இடத்தில் ‘இருக்கிறது’ என்றே சொல்ல முடிந்தது. புடாபெஸ்ட்டில் நாய்த் தலையில் வலியில்லாத மின்முனை ஒட்டித் தூக்கத்தை அளக்கிறார்கள். நல்லபடி கொஞ்சிய நாளுக்கும், கட்டிப்போட்டுக் கண்டுகொள்ளாமல் விட்ட நாளுக்கும் தூக்கத்தின் அமைப்பே மாறுகிறது என்று 2017இல் எழுதினார்கள். மனசு நொந்த நாய்கள் சீக்கிரமாகவே தூங்கிவிட்டன என்பது அதில் வேடிக்கை. ‘படுத்ததும் தூங்கிடுதே, நல்லாத்தானே இருக்கு’ என்று நம்பிவிடக் கூடாது.

போர்முனைக்குப் போய்வந்த அமெரிக்க ராணுவ நாய்களில் இதே படம்தான்: திடுக்கிடுவது, பழகிய வேலையை மறுப்பது, தன்னைப் பார்த்துக்கொள்ளும் வீரரிடமே ஒட்டாமல் போவது அல்லது அளவுக்கு மீறி ஒட்டுவது. டெக்சஸ் லேக்லேண்ட் தளத்தின் கால்நடை மருத்துவர் வால்டர் பர்கார்ட் இதற்கு மனிதருக்குச் சொல்லும் அதே பெயரை, பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு) என்று, நாய்க்கும் வைத்தார். போர்முனை நாய்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆகிறது என்று 2011 வாக்கில் சொன்னார்கள். எல்லாம் குண்டடி பட்டவை அல்ல, சத்தத்துக்கு நடுவே இருந்தவையும் உண்டு.

---

செவலை வீடு, மதுரை:

தம்பிக்கு ஊசி ஆரம்பித்தாச்சு. செவலைக்கும் தொடர் ஊசியில் இரண்டு முடிந்தது. ஐந்து ராத்திரிக் குறிப்பு இதோ.

மொத்தம் 14 தடவை அலறல். எல்லாவற்றிலும் கண் மூடியே இருந்தது, பெயர் சொன்னதும் விழித்தது, மூத்திரம் போகவில்லை, விறைப்பு இல்லை. 20 நொடியைத் தாண்டவில்லை. 14இல் 9 தடவை இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தபோது. வலது பக்கம் படுத்தால் கால் உதறல் மட்டும், அலறல் அபூர்வம். இன்னொன்று, தினமும் விடிகாலை 4:30க்கு ஒரு தடவை கட்டாயம். அப்போது கீழ்வீட்டில் தண்ணீர் மோட்டார் போடுகிறார்கள். எழுந்தபின் கடைசி இரண்டு நாள் 6 அடி தள்ளி உட்கார்ந்தேன், தானாக வந்து மடியில் தலை வைத்தது.

படுக்கை மூலையை மாற்றினோம். சாப்பாடு முக்கால் பங்கு ஆகியிருக்கிறது.

---

கால்நடை மருத்துவர், நெல்லை:

நோட்டு எழுதச் சொன்னால் பத்தில் ஒருவர்தான் எழுதுவார். உங்களுக்கு அதனால் பாதி விடை கிடைத்துவிட்டது.

வலிப்பு போலத் தெரியவில்லை. இடது பக்கம் என்பதுதான் என் கண்ணில் படுகிறது. தீப்புண் இடது தொடையில், சுவர் தாண்டிக் குதித்திருக்கிறது. மேல்தோல் ஆறியிருக்கலாம், அடியில் தழும்பு இழுக்கலாம், இடுப்பு மூட்டோ முழங்கால் நாணோ அடிபட்டிருக்கலாம். தூக்கத்தில் உடம்பு தளர்ந்து எடை அந்தப் பக்கம் இறங்கும்போது வலி சுருக்கென்று வரும், அந்த வலி பழைய ராத்திரியை இழுத்துக்கொண்டு வரும். வலி இருக்கும் வரை எந்தப் பயிற்சியும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர். காலை நீட்டி மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரே தேவைப்படலாம். காதையும் உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி இருந்திருந்தால் ரத்தப் பரிசோதனையும், உண்ணிக் காய்ச்சலில் மூட்டு வலிக்கும். பக்கத்தில் வசதி இல்லையென்றால் எங்கள் ஊர் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வேப்பேரிக்கோ கடிதம் வாங்கிப் போகலாம்.

வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 16 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் முதல் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 1.6 மில்லிகிராம். மருந்துக்கடையில் மனிதருக்கு விற்கும் மாத்திரை 7.5 அல்லது 15. ஒரு முழு 15 கொடுத்தால் ஒன்பது மடங்குக்கு மேல், குடல் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், இபுபுரூஃபன் வேண்டவே வேண்டாம்.

பயத்துக்கான மருந்து பற்றிக் கேட்டீர்கள். வலியைச் சரிசெய்து, படுக்கையும் பகல் வழக்கமும் மாறி, நான்கு வாரத்துக்குப் பிறகும் ராத்திரிக்கு ஒன்றுக்கு மேல் அலறல் இருந்தால் அது தேவை. ஃபுளூவாக்சிடின் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு வேளை. பலன் தெரிய 4 முதல் 8 வாரம். முதல் இரண்டு வாரம் பசி குறையும், பலர் அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். திடீரென்று நிறுத்துவதும் தவறு, படிப்படியாகத்தான். அது வேலை செய்யும் வரை இடைக்காலத்துக்கு டிராசடோனோ கபாபென்டினோ சேர்ப்போம். கபாபென்டின் நரம்பு வலிக்கும் உதவும் என்பதால் உங்கள் நாய்க்கு அதுவே முதலில் வரலாம்.

இங்கே பெரிய ஆபத்து ஒன்று. உண்ணிக்கு நம் ஊரில் அமிட்ராஸ் கரைசலில் குளிப்பாட்டுவது சகஜம். ஃபுளூவாக்சிடின் சாப்பிடும் நாய்க்கு அமிட்ராஸ் குளியலோ, அமிட்ராஸ் கழுத்துப்பட்டையோ கூடாது, இரண்டும் சேர்ந்தால் உயிருக்கே கேடு. வலிக்கு டிராமடால் கொடுத்திருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் உண்ணிக்கு என்ன பூசினீர்கள் என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

தூக்கத்துக்கு மெலடோனின் சிலர் கேட்பார்கள். இந்த எடைக்கு 3 மில்லிகிராம் சாதாரண அளவு, பெரிய கெடுதல் இல்லை, பெரிய அதிசயமும் இல்லை. ஆனால் இனிப்பு மிட்டாய் வடிவத்தில் வருவதில் சைலிட்டால் சேர்த்திருப்பார்கள், அது நாய்க்கு விஷம். லேபிளைப் படித்து வெறும் மாத்திரையாக வாங்குங்கள். அசிபுரோமசின் என்ற மயக்க மருந்தை யாராவது எழுதினால் ஏன் என்று கேளுங்கள். அது உடம்பைக் கட்டிப்போடும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். காது இன்னும் கூர்மையாவதும் உண்டு.

---

மீட்புக்கூடம், கோவை:

4:30 மோட்டாருக்கு எளிதான வழி இருக்கு. கீழ்வீட்டுக்காரரிடம் பேசி ஒரு மாதத்துக்கு 6 மணிக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்க. முடியாதென்றால் நீங்க 4:25க்கு அலாரம் வைத்து, மோட்டார் போடறதுக்கு முன்னாடியே பெயர் சொல்லி மெதுவா எழுப்பிடுங்க. தூக்கத்தில் சத்தம் வந்து விழுறதும், முழிச்சு உங்களைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அதே சத்தம் வர்றதும் வேற வேற. மோட்டார் ஓட ஆரம்பிச்சதும் கோழித் துண்டு ஒண்ணு. பத்து நாளில் அது மோட்டாருக்குக் காத்திருக்கும். அப்புறம் சில நாள் நீங்க எழாமலே படுத்திருந்து பாருங்க.

இடது பக்கம் வலிக்குதுன்னா படுக்கையை 3 அங்குலத்துக்குக் குறையாம தடிமனா போடுங்க. இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு சேர்த்துத் தைச்சா போதும். மொசைக் தரையின் குளிர் மூட்டைப் பிடிக்கும்.

இன்னொண்ணு, நாளை எண்ணுங்க. திருக்கார்த்திகை வருது. தீபாவளிக்கு மிச்சம் வைத்த வெடி எல்லாம் அன்னிக்குத்தான் வெளியே வரும். 2018லிருந்து தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, ராத்திரி 7 முதல் 8 என்று நேரம் இருக்கு. அது எவ்வளவு தூரம் நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். கார்த்திகைக்கு முந்தின நாளிலிருந்தே நடையை மதியம் 3 மணிக்கு மாத்திடுங்க. இருட்டும் முன் கடைசியா வெளியே விட்டு, உள் அறையில் ஃபேன், மிக்சி இரைச்சல் மாதிரி ஒரே சீரான சத்தம். டிவி நாடகம் வேண்டாம், அதில் திடீர் திடீர்னு அலறல் வரும். ஜன்னலுக்குப் போர்வை. சுவர் உயரம் எவ்வளவு இருந்தாலும் வாசலில் விடக் கூடாது. அன்னிக்கு மட்டும் கொடுக்க ஒரு மாத்திரை தேவையான்னு டாக்டரிடம் இப்பவே கேட்டு, முன்னாடியே ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்க. சில நாய்க்கு மாத்திரை எதிர்மாறா வேலை செஞ்சு துள்ள வைக்கும், அதை வெடி ராத்திரியில் கண்டுபிடிக்கக் கூடாது.

---

செவலை வீடு, மதுரை:

எக்ஸ்ரேக்கு நாளை மறுநாள் போகிறோம். கார்த்திகை அன்று கிராமத்தில் அத்தை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? அங்கே வெடி குறைவு, தோட்ட வீடு.

---

நாய்ப் பயிற்சி, திருச்சி:

போகலாம், இரண்டு நிபந்தனை. ஒன்று, அன்றைக்கே போகாதீர்கள். நான்கைந்து நாள் முன்னால் போய் அங்கே தூங்கிப் பழகட்டும். புது இடம், புது வாசனை, அதோடு ஒரு வெடியும் சேர்ந்தால் தெரியாத ஊரில் ஓடிவிடும், தேடிப் பிடிப்பது இங்கேவிடக் கஷ்டம். இரண்டு, இப்போது அது படுக்கும் சாக்கையும் புடவையையும் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். தோட்டத்துக் கிணற்றுக்குத் தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று அத்தையிடம் இன்றே கேட்டுவிடுங்கள். மிரண்டு ஓடும் நாய் கிணற்றைப் பார்த்து நிற்காது. சுவர் இல்லையென்றால் மதுரையிலேயே உள் அறைதான் நல்லது.

எக்ஸ்ரே எடுக்கும்போது மயக்க ஊசி போடுவார்கள் என்றால் தெளியும் வரை பக்கத்திலேயே இருங்கள். அரை மயக்கத்தில் எழும் நாயும் கனவிலிருந்து எழும் நாய் மாதிரிதான், அப்போதும் குனிந்து அணைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவையுங்கள்.